கல் உப்பு சேர்மமா கலவையா? ஜாடியில ஏன் தண்ணி விடுது?

ஈரோட்டு அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். பையன் ஒன்பதாவது படிக்கிறான். நேத்து தனிமம், சேர்மம், கலவை பாடத்த படிச்சிட்டு உப்பு ஒரு சேர்மம்னு ஒப்பிச்சான், அப்புறம் நேரா கிச்சனுக்கு வந்து ரெண்டு ஜாடியையும் தெறந்து பாத்துட்டு, ரெண்டுமே சோடியம் குளோரைடுதானே, அப்ப மழைக்காலம் வந்தா கல் உப்பு மட்டும் ஏன் தண்ணி விடுது, பாக்கெட் தூள் உப்பு பொலபொலன்னு இருக்கேன்னு கேட்டான். எனக்கு பதில் தெரியல. எதையாவது சொல்லி சமாளிக்கவும் மனசு வரல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கெமிஸ்ட்ரி டீச்சர்:
அருமையா கேட்டிருக்கான்மா. பரீட்சையில எழுதுற உப்பு சோடியம் குளோரைடு, அது சேர்மம்தான். ஆனா ஜாடியில இருக்கிற கல் உப்பு கலவை. அதுல பெரும்பங்கு சோடியம் குளோரைடு, கூடவே கொஞ்சம் மெக்னீசியம் குளோரைடு, மெக்னீசியம் சல்பேட், ஜிப்சம் (கால்சியம் சல்பேட்), துளி மண்ணு எல்லாம் ஒட்டிட்டு வரும். இதுல மெக்னீசியம் குளோரைடு காத்துல இருக்கிற ஈரத்த இழுத்து அதுலயே கரைஞ்சு போயிடும், நீங்க பாக்குற தண்ணி பெரும்பாலும் அதோட வேலைதான். பாக்கெட் உப்புல அத பெரும்பாலும் எடுத்துடுறாங்க, கட்டி தட்டாம இருக்க வேற ஒரு பொருளும் துளி சேக்குறாங்க, அயோடினுக்காக பொட்டாசியம் அயோடேட்டும் இருக்கு, அதனால கறாரா பாத்தா அதுவும் கலவைதான்.

பையன்கிட்ட இப்படி சொல்லுங்க: சோடியம் குளோரைடு எந்த ஊர்ல கிடைச்சாலும் 100 கிராம்ல சோடியம் சுமார் 39 கிராம், குளோரின் சுமார் 61 கிராம், இது மாறவே மாறாது. கல் உப்புல மெக்னீசியம் எவ்வளவுங்கிறது உப்பளத்துல பாத்திக்கு பாத்தி மாறும். மாறுனா கலவை.

உப்பளத்துக்காரன்:
அக்கா, எங்க அப்பா காலத்துல இருந்து தூத்துக்குடி பக்கம் உப்பளம்தான். டீச்சர் சொன்ன அந்த மெக்னீசியத்த பிரிக்கிறதுதான் எங்க பொழப்பே. கடல்தண்ணி ஒரு லிட்டர்ல எல்லா உப்பும் சேந்து சுமார் 35 கிராம் இருக்கும், எங்க பக்கம் போர் போட்டு எடுக்கிற உப்புத்தண்ணியும் பாய்ச்சுவோம். வெயில்ல தண்ணி வத்த வத்த எல்லாம் ஒண்ணா கீழ எறங்காது, ஒவ்வொண்ணுக்கும் ஒரு நேரம் இருக்கு. மொதல்ல சுண்ணாம்பு, அடுத்து ஜிப்சம், அது முன்னாடி பாத்தியிலயே தங்கிடணும். தண்ணியோட அடர்த்திய காட்டுற ஹைட்ரோமீட்டர் விட்டுப் பாத்தா 25 டிகிரி (இது சூடு இல்ல, போமேங்கிற அடர்த்தி அளவு) வரும்போது, அதாவது கடல்தண்ணி கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்கா வத்துனப்போ, உப்பு விழ ஆரம்பிக்கும். 29 தாண்டுறதுக்குள்ள மிச்ச தண்ணிய வடிச்சிடணும், அதுலதான் மெக்னீசியம் எல்லாம் கெடக்கும், நாக்குல வச்சா கசக்கும். வடிக்காம விட்டா உப்பு எடை ஏறும் ஆனா தரம் போயிடும், நீங்க சொல்ற தண்ணி விடுற உப்பு அதுதான்.

வாருன உப்ப நல்ல தண்ணியில கழுவ மாட்டோம், கரைஞ்சிடும். உப்பு நெறஞ்சு இதுக்கு மேல கரைக்க முடியாத தண்ணியில கழுவுவோம், அது உப்ப தொடாது, மெக்னீசியத்த மட்டும் இழுத்துட்டுப் போயிடும். இவ்வளவும் வெறுங்காலோட, வெள்ளை உப்புல வெயில் பட்டு கண்ணு கூசக் கூச நிக்கிறவங்க செய்யுற வேலை, அதையும் தம்பிகிட்ட சொல்லுங்க.

ஈரோட்டு அம்மா:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. கல் உப்ப வெந்நீர்ல நல்லா கரைச்சு வேட்டித்துணியில வடிகட்டுனோம், அடியில மண்ணு நின்னுச்சு. ஆனா ஆறவச்சா உப்பு திரும்பி வரும்னு பாத்தா ஒண்ணுமே வரலையே?

கெமிஸ்ட்ரி டீச்சர்:
சர்க்கரைன்னா ஆறவச்சா வரும்மா, உப்பு அப்படி இல்ல. 100 கிராம் தண்ணி 0 டிகிரி செல்சியஸ்ல சுமார் 36 கிராம் உப்ப கரைக்கும், கொதிக்கிறப்பவும் 39 கிராம்தான், அதனால ஆறவச்சு பிரயோஜனம் இல்ல, தண்ணி போகணும். அகலமான தட்டுல ஊத்தி மாடியில வையுங்க, முழுசா காய விடாதீங்க, கடைசி கொஞ்சத்த உப்பளத்து தம்பி சொன்ன மாதிரி வடிச்சிடுங்க.

ஈரோட்டு அம்மா:
மூணு நாள் ஆச்சு, தட்டு முழுக்க கட்டம் கட்டமா உப்பு! கடைசி தண்ணிய வடிச்சிட்டு, அந்த உப்ப காயவச்சு ஒரு சின்ன கிண்ணத்துல போட்டுட்டான், பக்கத்துல இன்னொரு கிண்ணத்துல பழைய கல் உப்பு. ரெண்டையும் ஜன்னலோரம் தெறந்தே வச்சிருக்கான், மழை வந்தா எது நசநசங்குதுன்னு பாக்கணுமாம்.