மின்முனைகள் மூளைக்குள் புதைந்து தெரிகின்றன: எங்கே பிசகு?

காவேரிப்பட்டினம் மாணவன்:
வணக்கம். வலிப்பு நோய் அறுவைக்கு முன் மூளையின் மேற்பரப்பில் 64 மின்முனைத் தகடு வைத்துப் பதிவு செய்த ஒருவரின் தரவு, பெயர் நீக்கி என் ஆய்வுக்குக் கிடைத்திருக்கிறது. தகடு வைப்பதற்கு முந்தைய எம்ஆர்ஐ, வைத்த பிறகு எடுத்த சிடி இரண்டையும் எஸ்பிஎம் என்ற மூளைப்பட மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினேன். மண்டையோடு அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் தகட்டின் நடு மின்முனைகள் புறணிக்குள் (மூளையின் மடிப்பான வெளி அடுக்குக்குள்) 8 மி.மீ. வரை இறங்கியிருக்கின்றன, ஓரத்தில் உள்ளவை மேலேயே நிற்கின்றன. ஒரு வாரமாகப் பொருத்தியதையே பொருத்துகிறேன். நேற்றிரவு எம்ஆர்ஐயிலிருந்து புறணிப் பரப்பை வரைந்து தரும் ஃப்ரீசர்ஃபர் மென்பொருள் ஓடும்போது மின்சாரம் வேறு போய்விட்டது.

சூளகிரி:
இடம் வலம் மாறியிருக்குமோ? சில மென்பொருள்கள் நோயாளியின் இடப்பக்கத்தைத் திரையின் வலப்பக்கம் காட்டும்.

காவேரிப்பட்டினம் மாணவன்:
இல்லை அண்ணா. சிடியில் கம்பி வெளிவருவது இடப்பக்கம். அறுவைக் குறிப்பிலும் இடம்தான்.

பாலக்கோடு அக்கா:
தம்பி, உங்கள் பொருத்தத்தில் தவறே இல்லை. மண்டையோட்டைத் திறந்ததும் மூளைத்தண்டுவட நீர் வடிகிறது; தகடும் வீக்கமும் மேலிருந்து அழுத்துகின்றன. களி உருண்டையைக் கட்டைவிரலால் அமுக்கினால் நடுவில் குழி விழுமே, அதேதான். சிடியில் இருப்பது அமுங்கிய மூளை, எம்ஆர்ஐயில் இருப்பது அமுங்காத மூளை. எலும்பு வளையாததால் அது மட்டும் பொருந்துகிறது. அதை நம்பி நானும் ஒரு மாதம் தொலைத்தேன்.

மூளையை வளைத்துப் பொருத்த முயலாதீர்கள். மின்முனை உலோகத்தால் சிடி படத்தில் விழும் கீற்றுகள் கணக்கைக் கெடுத்துவிடும். சிடியில் ஒவ்வொரு மின்முனையின் மையத்தையும் குறித்து, எம்ஆர்ஐக்கு மாற்றி, பிறகு மேற்பரப்புக்குத் தூக்குங்கள். புறணிப் பரப்புக்கே தூக்கினால் சில மடிப்பின் பள்ளத்தில் விழும். மடிப்புகள் மேல் துணி போர்த்தியது போன்ற வழவழப்பான பரப்பைச் செய்துகொண்டு அதன்மேல் வையுங்கள். தகட்டில் அடுத்தடுத்த மையங்களுக்கு 10 மி.மீ. இடைவெளி என்றால், தூக்கிய பிறகும் ஏறக்குறைய அதுவே இருக்க வேண்டும். டைக்ஸ்ட்ரா என்ற ஆய்வாளரின் குழு 2012இல் வெளியிட்ட முறை இந்த இடைவெளியையும் சேர்த்தே கணக்கிடுகிறது.

ஃப்ரீசர்ஃபரை முதலிலிருந்து தொடங்க வேண்டாம். முடிந்த படிகள் கோப்புறையில் இருக்கும். விட்ட படியிலிருந்து ஓட்டலாம்.

காவேரிப்பட்டினம் மாணவன்:
நன்றி அக்கா, தகடு மேலே வந்துவிட்டது! ஒரு மூலையில் மட்டும் மூன்று புள்ளிகள் ஒட்டி அவரைக்காய் போல நீண்டு தெரிகின்றன.

பாலக்கோடு அக்கா:
சிடி வெட்டின் (ஒவ்வொரு படத் துண்டின்) தடிமன் என்ன?

காவேரிப்பட்டினம் மாணவன்:
5 மி.மீ.

பாலக்கோடு அக்கா:
அதுதான் காரணம். வெட்டு தடிமனாக இருந்தால் பக்கத்துப் புள்ளிகள் ஒன்றாகக் கலந்து தெரியும். 1 மி.மீ. வெட்டுகள் சேமிப்பில் இருக்கிறதா என்று தரவு தந்தவர்களிடம் கேளுங்கள். இல்லையென்றால் அந்த மூன்றையும் பக்கத்து வரிசையின் இடைவெளியை வைத்துக் கணித்து, கணித்தவை என்று ஆய்வேட்டில் எழுதிவிடுங்கள்.