தோட்டத்துப் புல்லில் காட்டு முயல் குட்டிகள், தாயைக் காணோம்

காங்கேயம் பக்கம் வீடு. பின்பக்கம் கிளுவை வேலி, அதைத் தாண்டினால் கொறங்காடு, அதாவது மேய்ச்சல் நிலம். பொழுது சாய்ந்தால் ஒரு காட்டு முயல் வேலிச் சந்தில் புகுந்து வந்து அருகம்புல் மேயும், அப்படியே தட்டைப்பயறு நாற்றையும் கடித்துவிட்டுப் போகும். அது வருவது எங்களுக்குப் பிடிக்கும், விரட்டுவதில்லை. இன்று காலை கொழுக்கட்டைப்புல் தூருக்குள் இரண்டு குட்டிகள், கண் திறந்து, முழுக்க முடியோடு, அசையாமல் கிடக்கின்றன. தாய் பகல் முழுக்க வரவே இல்லை. பசும்பால் ஊற்றலாம் என்கிறார் அம்மா. தாய் விட்டுவிட்டுப் போயிருக்குமா?

பதில்:
இல்லைங்க, தொடாதீர்கள். காட்டு முயல் வளை தோண்டாது, குட்டியைப் புல்லில் மறைத்துவிட்டுப் பகலில் தள்ளியே இருக்கும், ஏனென்றால் அது பக்கத்திலேயே இருந்தால் அந்த வாசனைக்கே நரியும் பூனையும் வந்துவிடும். இருட்டிய பிறகு வந்து சில நிமிடம் பால் கொடுத்துவிட்டுப் போய்விடும், அவ்வளவுதான். குட்டிக்கு அதுவே போதும். பசும்பால் கொடுத்தால் கழிச்சல் கண்டு செத்துப்போகும். உடம்பில் காயமோ எறும்போ இருந்தால் மட்டும் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

பதில்:
அப்புறம், யாராவது கூண்டு வாங்கி வளர்க்கச் சொன்னால் கேட்காதீர்கள். கடையில் விற்கும் வெள்ளை முயல் ஐரோப்பியக் குழிமுயலின் வழி வந்தது, குட்டி கண் மூடி முடியில்லாமல் பிறக்கும். இது பிடரி கறுத்த நம் ஊர் முயல், இனமே வேறு, அடைத்தால் பயத்தில் கம்பியில் மோதியே அடிபட்டுவிடும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். வீட்டில் நாய் இருந்தால் ராத்திரியில் அவிழ்த்துவிடாதீர்கள், அதைவிடப் பெரிய ஆபத்து இந்தக் குட்டிகளுக்கு இல்லை.

பதில்:
நாற்றுக்குக் கோழி வலை போதும், இரண்டரை அடி உயரம், அடிப்பக்கம் கல் வைத்து இறுக்குங்கள். பாத்தியை மட்டும் சுற்றி அடையுங்கள், வேலிச் சந்தை அடைத்துவிட்டால் தாய் உள்ளே வர முடியாது. நாற்றைக் கத்தியால் சீவியதுபோல் சாய்வாக வெட்டியிருந்தால் முயல்தான், பிய்த்துப்போட்டிருந்தால் ஆடாக இருக்கும்.

கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. அம்மாவிடம் படித்துக் காட்டினேன், சரி என்றுவிட்டார். நாயை முன்வாசலில் கட்டியாயிற்று, புல் அறுக்க வருபவரை அடுத்த மாதம் வரச் சொல்லிவிட்டேன். வலை நாளைக்கு வாங்குகிறேன்.