புதுப்பிப்பு: புது கம்ப்யூட்டரில் டிஸ்ப்ளே வந்துவிட்டது

ரைசன் 5 7600 பிராசசர், பி650 மதர்போர்டு, 32 ஜிபி டிடிஆர்5 ரேம் போட்டு அசெம்பிள் செய்த புது மெஷினில் ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது, போர்டில் ரேமைக் குறிக்கும் டிராம் விளக்கு எரிகிறது என்று கேட்டிருந்தேன் இல்லையா, அது தானாகவே சரியாகிவிட்டது.

பாதிப் பேர் ரேமைக் கழற்றி மாட்டச் சொன்னீர்கள், ஒருவர் மட்டும் "கை வைக்காதீங்க, டீ குடிச்சிட்டு வாங்க" என்றார், அவர் சொன்னதுதான் நடந்தது. டிடிஆர்5 போர்டுகள் முதல் முறை ஆன் ஆகும்போது ரேமோடு பேசிப் பழகிக்கொள்ள சில நிமிடம் எடுத்துக்கொள்கின்றன, மெமரி டிரெய்னிங் என்கிறார்கள். அந்த நேரத்தில் பவரை அணைத்தால் மறுபடி முதலிலிருந்துதான்.

அப்புறம் பயாஸில், அதாவது போர்டின் செட்டிங் திரையில் பார்த்தால், 6000 வேகம் என்று விற்ற ரேம் 4800-இல் ஓடுகிறது. ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்போ செட்டிங்கை ஆன் செய்ததும் 6000 வந்தது, ஆனால் மறுபடியும் கறுப்புத் திரை, மறுபடியும் டிராம் விளக்கு. அதே டிரெய்னிங்தான் என்று தெரிந்ததால் இந்த முறை பதறவில்லை. ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் இப்படி இழுத்தால், முன்பு செய்த டிரெய்னிங்கை நினைவில் வைத்துக்கொள்ளும் மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர் என்ற பயாஸ் செட்டிங்கைப் பாருங்கள்.

விண்டோஸ் 11 போடும்போது வைஃபையும் இல்லை, லேனும் இல்லை. அவற்றை இயக்கும் டிரைவர் மென்பொருளை இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும், நல்ல கூத்து! மொபைலை யூஎஸ்பியில் மாட்டி, அதன் நெட்டைக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் டெதரிங் போட்டதும் வேலை முடிந்தது.

ரேமைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னவர்களுக்கு: அது இங்கேயேதான் இருக்கிறது.