ஹெவி பயிற்சி முடியப்போகிறது, ஆனால் தனியாக வண்டி எடுக்கப் பயமாக இருக்கிறது

புதுஸ்டியரிங்:
எல்லோருக்கும் வணக்கம். ஆறு வருடமாகக் கார் ஓட்டுகிறேன். இப்போது ஹெவி லைசென்ஸுக்குப் பயிற்சி எடுக்கிறேன். லாரியா, பஸ்ஸா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. டெஸ்டுக்குப் போகலாம் என்று பயிற்சிப் பள்ளியில் சொல்லிவிட்டார்கள். ஆனால் இதுவரை ஓட்டியது எல்லாமே காலி வண்டி, பகல் நேரம், அதே ஒரு ரோடு. லோடு ஏற்றினால் வண்டி எப்படிப் போகும் என்றே தெரியவில்லை. எத்தனை மணி நேரப் பயிற்சி இருந்தால் போதும்?

விதிப்பிரியன்:
மணிக்கணக்கு நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தில் வகுப்பு வழியாகத் தகுதி பெறுபவருக்கு 280 மணி நேரம், சுருக்கப் பயிற்சி என்றால் 140. அப்புறமும் 5 வருடத்துக்கு ஒருமுறை 35 மணி நேரம் உட்கார வேண்டும். அமெரிக்காவில் 2022 பிப்ரவரி 7 முதல் நடைமுறைக்கு வந்த விதியில் குறைந்தபட்ச மணி நேரம் என்று எதுவும் இல்லை. பாடத் தேர்வில் 80 சதவீதம் எடுக்க வேண்டும், ஓட்டுவதில் தேர்ச்சி வந்துவிட்டதா என்பதைப் பயிற்சியாளர் முடிவு செய்வார். இந்தியாவில் அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களில் ஹெவிக்கு 6 வாரத்தில் 38 மணி நேரம்.

பழையகிளட்ச்:
தம்பி, 19 வருடம் லாரி ஓட்டிவிட்டு இப்போது கற்றுக்கொடுக்கிறேன். மணி நேரத்தை விடுங்கள், அந்த மணி நேரத்தில் வண்டியில் என்ன இருந்தது என்று கேளுங்கள்.

நான் படித்த பள்ளியிலும் காலி வண்டிதான். லைசென்ஸ் வாங்கிய முதல் மாதமே முழு லோடோடு ஒரு நீண்ட இறக்கத்தில் இறங்கினேன். கியரைக் குறைக்கத் தோன்றவில்லை. பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்லை. பாதி வழியில் கருகிய வாடை. பெடல் எப்போதும் போலத்தான் இருந்தது, காலுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. வண்டி மட்டும் பிடிபடவில்லை. நல்லவேளை, ரோடு ஒரு மேட்டில் ஏறியது, நின்றேன். பிரேக் டிரம்மிலிருந்து புகை. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

சக்கரத்தோடு சுற்றும் அந்த டிரம் சூடானால் விரியும், உள்ளிருந்து அதை உரசிப் பிடிக்கும் லைனிங்கைவிட்டு விலகும். லைனிங்கும் சூட்டில் பிடிப்பை இழக்கும். அதற்குப் பிறகு எவ்வளவு அமுக்கினாலும் பலன் குறைவுதான். அதனால் இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கீழ் கியருக்கு வந்துவிடுங்கள். பாதியில் மாற்றப் பார்த்தால் கியர் விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொள்வீர்கள். வண்டியை எஞ்சின் இழுத்துப் பிடிக்கட்டும், எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வெளியேறும் வழியை அடைத்து வண்டியை இழுத்துப் பிடிப்பது) இருந்தால் போடுங்கள். வேகம் நீங்கள் நினைத்த அளவைத் தொட்டதும் பிரேக்கை அழுத்தமாகப் பிடித்து வேகத்தில் மணிக்கு 8 கிலோமீட்டர் போலக் குறைத்துவிட்டு, காலை முழுசாக எடுத்துவிடுங்கள். மறுபடி வேகம் ஏறினால் மறுபடி அதே மாதிரி. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடச் சொல்பவர் யாராக இருந்தாலும் காதில் வாங்காதீர்கள்.

தினமும் கிளம்பும் முன் ஏர் சோதனை. இந்த வண்டிகளில் பிரேக் வேலை செய்வது டேங்கில் அடைத்த காற்றால், அது கசிகிறதா என்று பார்ப்பதுதான் இது. சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். டேங்க் நிறைந்ததும் எஞ்சினை அணைத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, பெடலை ஒரு நிமிடம் அமுக்கிப் பிடியுங்கள். தனி வண்டியில் 3 பிஎஸ்ஐக்கு (காற்றழுத்தத்தின் அளவு) மேல் மீட்டர் முள் இறங்கக் கூடாது, ட்ரெயிலர் மாட்டியிருந்தால் 4. அப்புறம் பெடலை விட்டு விட்டு அமுக்கிக் காற்றைக் குறையுங்கள். சுமார் 60 பிஎஸ்ஐ வரும்போது எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை என்றால் வண்டியை எடுக்காதீர்கள், முதலாளி எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி.

ரிவர்ஸ் எடுக்கும்போது சந்தேகம் வந்தால் இறங்கிப் போய்ப் பாருங்கள். பின்னால் ஹாரன் அடிப்பவர்கள் அடிக்கட்டும்.

கடைசிசீட்:
நான் பஸ் ஓட்டுகிறேன். அண்ணன் சொன்னது எல்லாம் எங்களுக்கும் பொருந்தும். கூடவே ஒன்று: நிறுத்தத்திலிருந்து ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துக் கிளம்பாதீர்கள். பின் சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பாகம் எதிர்ப்பக்கம் வீசும். அங்கே நிற்பவரை அது இடித்தது உங்களுக்குத் தெரியக்கூட வராது. அப்புறம் பிரேக். உள்ளே ஒரு பாட்டி கம்பியைப் பிடிக்காமல் நிற்கிறார் என்று நினைத்துப் பிடியுங்கள். நான் பழகும்போது டேஷ்போர்டில் பாதி தண்ணீரோடு ஒரு பாட்டிலை நிற்க வைத்தார்கள். அது சாயாமல் நிறுத்த எனக்கு மூன்று வாரம் ஆனது.

புதுஸ்டியரிங்:
அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி. லோடு ஏற்றிய வண்டியில் ஒரு நாள், இருட்டில் ஒரு நாள், அப்புறம் ஒரு பெரிய இறக்கம். இந்த மூன்றும் கொடுக்காமல் டெஸ்டுக்கு வர மாட்டேன் என்று பள்ளியில் சொல்லிவிட்டேன். லோடு வண்டிக்கு ஒப்புக்கொண்டார்கள், மற்றதற்கு யோசிக்கிறார்கள். ஒரு சந்தேகம்: இன்று ஏர் சோதனை செய்து பார்த்தேன், முள் 50க்கு இறங்கியும் விளக்கு எரியவில்லை. வண்டியில் கோளாறா?

பழையகிளட்ச்:
எஞ்சினை அணைத்தபோது சாவியையும் முழுசாகத் திருப்பிவிட்டீர்களா? எஞ்சின் ஓடக் கூடாது, ஆனால் சாவி ஆனில் இருக்க வேண்டும். அப்படி வைத்து இன்னொரு முறை பாருங்கள். அப்போதும் எரியவில்லை என்றால் பள்ளியில் சொல்லி அந்த வண்டியை ஓரம் கட்டச் சொல்லுங்கள், நீங்களும் அதில் ஏறாதீர்கள்.