காலையில 541, சாயங்காலம் 528: கார்னியா தடிமன் பாத்தவங்க சொல்லுங்க

பவர் ரெண்டு கண்ணுக்கும் மைனஸ் அஞ்சரை, லேசிக் (கண்ணாடி போடாம இருக்க கார்னியாவ லேசரால செதுக்குற ஆபரேஷன்) பண்ணலாமான்னு கேக்க அம்பையில இருந்து மொத பஸ்ஸ புடிச்சேன், ஏறுனதும் தூங்கினவ ஜங்ஷன்லதான் முழிச்சேன், போன உடனே கூட்டம் இல்லாததால கார்னியா, அதான் கண்ணுக்கு முன்னாடி இருக்க கண்ணாடி மாதிரி படலம், அதோட தடிமன் எடுத்துட்டாவ, 541 மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு). மத்த டெஸ்ட்லாம் முடிய நாலு மணி ஆயிட்டு, டாக்டரம்மா பாத்துட்டு இன்னொருக்க எடுங்கன்னாவ. அதே மெஷின், அதே கண்ணு, 528! மெஷின் கோளாறோன்னு நெனச்சேன், அவிய சிரிச்சுக்கிட்டே தூங்கி எந்திரிச்ச கண்ணு வீங்கிதான் இருக்கும்னுட்டாவ. யாருக்காச்சும் இப்படி ஆச்சா?

— தங்கச்சி, நான் வண்ணார்பேட்டையில கண்ணு டெஸ்ட் பாக்குற வேலைதான். கார்னியாவுக்கு ரத்தக்குழாயே கிடையாது, முழிச்சிருக்கப்ப ஆக்சிஜன் பெரும்பாலும் காத்துல இருந்துதான் வரணும். கண்ண மூடித் தூங்கினா அது கொறஞ்சிரும், லாக்டிக் ஆசிட் சேந்து தண்ணிய உள்ள இழுக்கும், கண்ணீரும் ஆவியாகாது. உள்பக்கம் ஒரு வரிசை செல்லு மோட்டார் போட்டு வயக்காட்டுத் தண்ணிய எறைக்க மாதிரி வெளிய தள்ளிக்கிட்டேதான் இருக்கு, ஆனா ராத்திரி வரத்து கூடிருதுல்லா. அதான் காலையில மூணு நாலு சதவீதம் வீங்கியிருக்கும், முழிச்சு ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல பெரும்பாலும் வடிஞ்சிரும். நீ பஸ்ல தூங்கிட்டு நேரா வந்துட்ட, அவ்வளவுதான்.

— பதிமூணு மைக்ரானுக்கா இவ்வளவு பேச்சு? முடியே அதவிட தடியால்லா இருக்கு.

— அண்ணாச்சி, அது மெலிசுக் கார்னியாக்காரனுக்குத்தான் தெரியும். எனக்கு மைனஸ் ஏழு, தடிமன் 490. மேல மூடி மாதிரி வெட்டுறதுக்கு 110 போயிரும், ஒரு பவருக்கு பன்னெண்டுல இருந்து பதினஞ்சு மைக்ரான் வரைக்கும் செதுக்கணும், அடியில கொறஞ்சது 250 நிக்கணும்பாவ, அதுக்கும் மேல மிச்சம் இருந்தாதான் தைரியமா கை வைப்பாவளாம். கூட்டிக் கழிச்சுப் பாருங்க, வீங்குன நம்பர வச்சு கணக்குப் போட்டா யாருக்கு நட்டம்? எனக்கு லேசிக் வேண்டாம்னுட்டு மூடி வெட்டாம பண்ற பிஆர்கே பத்திப் பேசினாவ, இன்னும் வீட்ல சம்மதிக்கல, அது தனிக்கதை. கான்டாக்ட் லென்ஸ் போடுறவிய டெஸ்டுக்கு முன்னாடி எத்தன நாள் கழட்டி வைக்கணும்னு டாக்டர்ட்ட கேட்டுக்கோங்க, கட்டி லென்ஸ்னா நாள் கூடும்.

— கண்ணழுத்தமும் அப்படித்தானாமே, தடியான கார்னியான்னா மெஷின்ல அழுத்தம் கூடக் காட்டும்னு சொன்னாவ. சரி, நான் நைட் ஷிப்ட், காலையில படுத்து மதியம் எந்திரிக்க ஆளு, எனக்கு எந்த நேரம் சரி?

— மணிய பாக்காதீங்க, எந்திரிச்சு ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சு போங்க, எப்ப எந்திரிச்சீங்கன்னு எடுக்கறவங்ககிட்ட சொல்லிருங்க, அடுத்த தடவையும் அதே நேரம், அதே மெஷின்.