தருணுக்கு நாளைக்குப் பேச்சு

குழு: அம்மா வீடு

தருண்: எல்லோருக்கும் வணக்கம். நாளை காலை பள்ளியில் பேச்சுப் போட்டி. பேச வேண்டியவன் காய்ச்சலில் படுத்துவிட்டான், என்னை நிற்கச் சொல்லிவிட்டார்கள். தலைப்பு: இந்திய டெஸ்ட் கிரிக்கெட் அணி, வீரர்களும் பயிற்சியாளர்களும் எங்கே தேற வேண்டும்? 4 நிமிடம். யாராவது பாயிண்ட் கொடுங்கள் 🙏

சேகர்: எல்லா இடத்திலும். பேச்சு முடிந்தது, உட்கார்.

வசந்தா: 😂😂

ராஜி: அண்ணா, நீங்கள் வேறு. அவன் இன்னும் கணக்கு நோட்டையே திறக்கவில்லை.

மணி: தருண், நல்ல தலைப்பு. நிதானமாகச் சொல்கிறேன், எழுதிக்கொள். முதலில் நிலவரம். 2013 பிப்ரவரியிலிருந்து 2024 அக்டோபர் தொடக்கம் வரை சொந்த மண்ணில் நாம் தோற்ற டெஸ்ட் நான்கே நான்கு. 2017 புனே, 2021 சென்னை, 2023 இந்தூர், 2024 ஹைதராபாத். ஒரு தொடரைக்கூட விடவில்லை, வரிசையாக 18 தொடர். அதன் பிறகு அதே அக்டோபரில் நியூசிலாந்து வந்தது, 3-0 என்று தோற்றோம். 2025 நவம்பரில் தென்னாப்பிரிக்கா, 2-0. பதினோரு வருடத்தில் நான்கு தோல்வி, ஒரு வருடம் சொச்சத்தில் ஐந்து. இதைச் சொல்லித் தொடங்கினால் சபை நிமிர்ந்து உட்காரும். அடுத்து காரணங்கள். அவற்றை நான் மூன்றாகப் பிரிக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் உட்பிரிவு உண்டு.

சேகர்: மச்சான், 4 நிமிடம். 4 நாள் இல்லை.

மணி: மாப்பிள்ளை, அடிப்படை இல்லாமல் பேச முடியாது.

வசந்தா: ராஜி, கிரகப்பிரவேசத்துக்கு வாங்கிப் போன பெரிய அண்டா உன் வீட்டிலா, அண்ணா வீட்டிலா?

ராஜி: நான் அன்றைக்கே கொடுத்துவிட்டேன் அண்ணி.

வசந்தா: யாரிடம்?

கீர்த்தனா: தருண், முதல் பாயிண்ட் என்னிடம் வாங்கிக்கொள். கேட்ச். லீட்ஸ் டெஸ்ட், 2025 ஜூன். நம் ஆட்கள் ஐந்து சதம் அடித்தார்கள், ரிஷப் பந்த் மட்டும் இரண்டு. அப்படியும் தோற்றோம். 371 ரன்னை இங்கிலாந்து துரத்தி எடுத்தது. ஜெய்ஸ்வால் ஒருவரே அந்த மேட்சில் நான்கு கேட்ச் விட்டார். அதில் ஒன்று இங்கிலாந்தின் டக்கெட் 97-இல் இருக்கும்போது. அவர் 149 போய்த்தான் நின்றார்.

தருண்: சூப்பர் அக்கா. இன்னும்?

கீர்த்தனா: அந்தப் பக்கம் பார். குவாஹாட்டியில் தென்னாப்பிரிக்காவின் மார்க்ரம் ஒரே டெஸ்டில் 9 கேட்ச். கீப்பர் அல்லாத ஃபீல்டருக்கு அது உலக சாதனை. அதற்கு முன் சாதனை யாருடையது தெரியுமா? நம் ரஹானே. 2015, காலே, 8 கேட்ச். நம்மிடம் இருந்த பொருள்தான் கைமாறிவிட்டது.

சேகர்: அண்டா மாதிரி.

வசந்தா: உங்களுக்கு எல்லாமே கேலி.

மணி: கீர்த்தனா, கேட்ச் என்பது விளைவு. மூலம் வேறு.

கீர்த்தனா: இல்லை அப்பா. ஸ்லிப்பில், அதாவது பேட்ஸ்மேனுக்குப் பின்னால் கீப்பருக்குப் பக்கத்தில், யார் நிற்கிறார் என்பதே மேட்சுக்கு மேட்ச் மாறுகிறது. ஸ்லிப் ஒரு வேலை. முதல் ஸ்லிப்புக்கும் இரண்டாவது ஸ்லிப்புக்கும் நடுவில் போகும் பந்து யாருடையது என்பது பேசி வருவதில்லை, பக்கத்தில் பக்கத்தில் நின்று நின்று வருவது. நானே காலேஜ் டீமில் ஒரு சீசன் முழுக்க ஒரே ஆள் பக்கத்தில் நின்ற பிறகுதான் பிடிக்க ஆரம்பித்தேன்.

ராஜி: அத்தை வாய்ஸ் நோட் போடச் சொல்கிறார், போடத் தெரியவில்லை. அவர் சொன்னதை அப்படியே அடிக்கிறேன்: "டிராவிட் இருந்தப்ப மூணாவது யாருன்னு எனக்கே தெரியும். புஜாரா வரைக்கும் தெரியும். இப்ப ஒவ்வொரு தடவையும் ஒரு புதுப் பையன் வர்றான். அவன் மூஞ்சியப் பழகுறதுக்குள்ள உள்ள போயிடுறான்."

கீர்த்தனா: பாட்டி 🔥🔥 தருண், இதுதான் உன் பேச்சு. மற்றதெல்லாம் ஊறுகாய்.

தருண்: விவரம் வேண்டும் அக்கா

கீர்த்தனா: இங்கிலாந்து தொடரில் முதலில் சாய் சுதர்சன் 3-இல், அதாவது மூன்றாவதாகப் பேட் செய்ய, வந்தார். ஒரு டெஸ்ட் முடிந்ததும் வெளியே. அடுத்த இரண்டில் கருண் நாயர். பிறகு மறுபடி சுதர்சன். அக்டோபரில் டெல்லியில் வெஸ்ட் இண்டீஸுடன் 87 அடித்தார். அடுத்த டெஸ்ட் கொல்கத்தாவில் தென்னாப்பிரிக்காவுடன், அங்கே ஆளே இல்லை. வாஷிங்டன் சுந்தர் 3-இல் இறங்கினார். 29, 31. அந்த ஆடுகளத்தில் அது நல்ல ஸ்கோர். சரி, அப்படியே விடுவார்கள் என்று பார்த்தால் குவாஹாட்டியில் சுதர்சன் மறுபடி 3, சுந்தர் 8.

சேகர்: 8-இல் இறங்கியும் 48 அடித்தான் நம்ம பையன்.

முரளி: ரயிலில் இருக்கிறேன். டவர் விட்டு விட்டு வருகிறது. என்ன விஷயம், 83 மெசேஜ்?

ராஜி: உங்கள் பையனுக்குப் பேச்சு.

முரளி: ஓ. கோலி ரிட்டயர் ஆனதுதான் காரணம்.

சேகர்: கோலி இருந்தபோதுதானே நியூசிலாந்திடம் மூன்றும் தோற்றோம். புனேயில் சான்ட்னர் போட்ட ஃபுல் டாஸில் போல்டு ஆனது யார்?

முரளி: அத்தான், அது ஒரு பந்து.

சேகர்: அந்த மேட்சில் சான்ட்னருக்கு 13 விக்கெட். 13 பந்து என்று வைத்துக்கொள்வோம்.

மணி: மாப்பிள்ளை சொல்வதில் முதல் முறையாக ஒரு கருத்து இருக்கிறது. சான்ட்னர், அஜாஸ் படேல், பிறகு தென்னாப்பிரிக்காவின் சைமன் ஹார்மர். சுழலை ஆடத் தெரிந்தவர்கள் என்று பெயர் வாங்கிய நாம் சுழலிலேயே விழுகிறோம். கொல்கத்தாவில் தேவை 124. எடுத்தது 93. கில் கழுத்து வலியால் இறங்கவில்லை என்பது உண்மை, ஆனாலும் 124 ஒரு இலக்கா? அதே மண்ணில் அவர்கள் கேப்டன் பவுமா 55 நாட் அவுட். அந்த மேட்சிலேயே அடிக்கப்பட்ட ஒரே அரைசதம் அதுதான். அவர் என்ன மந்திரமா போட்டார்? பந்து வரும் வரை காத்திருந்து, கையைத் தளர்த்தி, உடம்புக்குப் பக்கத்தில் ஆடினார். நம்மவர்கள் கிரீஸிலேயே நின்று கையை மட்டும் முன்னே நீட்டுகிறார்கள். முன்னே போனால் முழுசாகப் போக வேண்டும், பின்னே என்றால் முழுசாகப் பின்னே. நடுவில் நிற்பவனைத்தான் ஹார்மர் தேடிப் பிடிக்கிறார். அந்த மேட்சில் அவருக்கு எட்டு விக்கெட்.

கீர்த்தனா: அப்பா, இது நல்லா இருக்கு. இதை மட்டும் சொல்லியிருக்கலாம் 😄

சேகர்: ஆடுகளம் அப்படி வேண்டும் என்று கேட்டு வாங்கியது யார்? கோச் கம்பீர். கேட்டது இதைத்தான் என்று அவரே வெளியே வந்து சொன்னார். நான்கு ஸ்பின்னரை எடுத்ததும் அவர்தான். எதிராளியின் சாதாரண ஸ்பின்னரைக் கொடூரமாக்கிக் கொடுத்துவிட்டு பேட்ஸ்மேனைத் திட்டி என்ன பயன்?

மணி: கம்பீரைக் குறை சொல்வது இப்போது ஃபேஷன். 2011 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் 97 அடித்தவர்.

சேகர்: 97 அடித்ததற்கும் இங்கிலாந்தில் ஐந்து டெஸ்டிலும் ஸ்பின்னர் குல்தீப்பை உட்கார வைத்ததற்கும் என்ன சம்பந்தம் மச்சான்?

மணி: அந்தத் தொடர் 2-2. ரோஹித் இல்லை, கோலி இல்லை, அஸ்வின் இல்லை. கில் 754 ரன். ஓவலில் 6 ரன்னில் வென்றோம். அதற்கும் கோச் பொறுப்பு இல்லையா?

சேகர்: அதற்கு சிராஜ் பொறுப்பு. ஐந்து டெஸ்டும் ஓடினான் மனுஷன்.

தருண்: மாமா, பெரியப்பா, கோச் பாயிண்ட் என்ன என்று ஒரு வரியில் சொல்லுங்கள் ப்ளீஸ்

மணி: ஒரு வரியில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை.

கீர்த்தனா: நான் சொல்கிறேன். எட்டாம் இடம் வரை பேட்டிங் வேண்டும் என்று ஆல்ரவுண்டராக நிரப்புகிறார்கள். அதனால் விக்கெட் எடுக்கிற ஸ்பெஷலிஸ்ட் வெளியே உட்காருகிறார். ரன் வந்ததா? குவாஹாட்டி முதல் இன்னிங்ஸில் நம் பக்கம் அதிகப் பந்து ஆடியது யார் தெரியுமா? குல்தீப். 134 பந்து, 19 ரன். அவர்களின் ஜான்சன் பந்தைக் குத்தி எழுப்பியே ஆறு விக்கெட் எடுத்துக்கொண்டிருந்தார். கேப்டனாக இருந்த பந்த் இறங்கி வந்து அடிக்கப் போய் அவுட். பேட்டிங் போதாது என்று உட்கார வைக்கப்பட்டவர்தான் கடைசியில் கட்டை போட்டுக் காட்டினார்.

சேகர்: 👏👏👏

மணி: வால் பகுதி, அதாவது கடைசியில் இறங்கும் பேட்ஸ்மேன்கள் பற்றிச் சொல்ல வேண்டும். லீட்ஸில் 430-க்கு 3 விக்கெட். அங்கிருந்து 471 ஆல் அவுட். 41 ரன்னில் ஏழு பேர். இரண்டாவது இன்னிங்ஸில் 31 ரன்னில் ஆறு பேர். இது இன்றைய நோய் இல்லை. 1999 ஜனவரி 31, சேப்பாக்கம், பாகிஸ்தான். சச்சின் 136-இல் அவுட் ஆனபோது

வசந்தா: ஆரம்பித்துவிட்டாரா.

மணி: 17 ரன்தான் வேண்டியிருந்தது. கையில் மூன்று விக்கெட். 12 ரன்னில் தோற்றோம்.

வசந்தா: தருண், உனக்குத் தெரியாது. அன்றைக்குத்தான் உன் மாமா என்னைப் பெண் பார்க்க வந்தார். கூடத்தில் அவர்கள் வீட்டார் ஏழு பேர். உன் பெரியப்பா உள்ளறையில் டிவி முன்னால். வாங்க என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சேகர்: வந்தார். சச்சின் அவுட் ஆன பிறகு வந்தார். முகத்தைப் பார்த்து எங்கள் அம்மா பயந்துவிட்டார், வீட்டில் துக்கமோ என்று.

மணி: 26 வருடமாக இதையே சொல்லுங்கள்.

கீர்த்தனா: 😂😂😂 அப்பா

ராஜி: அத்தை சிரிக்கிறார். "அவன் ரெண்டு நாள் சாப்பிடல"ன்னு சொல்கிறார்.

முரளி: தோனி காலத்தில்

*இந்தச் செய்தி அழிக்கப்பட்டது*

சேகர்: முரளி, ஏன் அழித்தாய்? வா.

தருண்: எனக்கு ஒன்பது மணிக்குள் எழுத வேண்டும் 😭

கீர்த்தனா: கடைசியாக ஒன்று, இது முக்கியம். யாரும் சோம்பேறி இல்லை. தயாராக நேரம் இல்லை. நவம்பர் 8 அன்று பிரிஸ்பேனில் கடைசி டி20. 14 அன்று கொல்கத்தாவில் டெஸ்ட். கில், பும்ரா, அக்சர், சுந்தர் எல்லாம் அங்கிருந்து நேராக வந்தவர்கள். தென்னாப்பிரிக்கா அதற்கு முன் அக்டோபரில் பாகிஸ்தானில் இரண்டு டெஸ்ட் ஆடிவிட்டு வந்தது, லாகூரிலும் ராவல்பிண்டியிலும், பந்து நன்றாகத் திரும்பும் ஆடுகளத்தில். ஹார்மரும் முத்துசாமியும் அங்கேயே கை பழகிவிட்டார்கள். நாம் டி20-யின் வெள்ளைப் பந்தை அடித்த கையோடு வந்து டிஃபென்ஸ் தேடினோம்.

சேகர்: உள்நாட்டு ரஞ்சி போட்டியில் ஆடச் சொல்.

கீர்த்தனா: ஆடச் சொல்லி 2025 ஜனவரியிலேயே போர்டு விதி போட்டது மாமா. ஆனால் அட்டவணையில் இடம் எங்கே? விதி போடும் போர்டுதான் அட்டவணையும் போடுகிறது.

மணி: இதைத்தான் நான் மூன்றாவது உட்பிரிவாக வைத்திருந்தேன்.

சேகர்: வைத்திருப்பீர்கள்.

ராஜி: தருண், கோச் பெயரைச் சொல்லாதே. உங்கள் பி.டி. சார்தான் நடுவர், அவர் கம்பீர் ரசிகராம்.

சேகர்: அப்படியானால் கட்டாயம் சொல்ல வேண்டும்.

மணி: பெயர் வேண்டாம். "நிர்வாகம்" என்று சொல்.

வசந்தா: பரிசு வாங்கப் போகிறவன் அவன். அவன் இஷ்டத்துக்கு விடுங்கள். அண்ணா, அண்ணி ஃபோனை எடுக்கவில்லை. பரணில் அண்டா இருக்கிறதா என்று ஒரு நிமிடம் ஏறிப் பாருங்களேன்.

மணி: முழங்கால் வலி. காலையில் பார்க்கிறேன்.

தருண்: சரி, மூன்றாம் இடம், கேட்ச், ஸ்பின் ஆடும்போது கால். நேரம் இருந்தால் அட்டவணை. கோச் பற்றி சார் முகத்தைப் பார்த்து முடிவு செய்கிறேன். பாட்டி சொன்னதை அப்படியே சொல்லலாமா?

ராஜி: அத்தை, பேரைப் போடக்கூடாது என்கிறார். பிறகு போடலாம் என்கிறார்.

கீர்த்தனா: எழுதி முடித்ததும் எனக்குக் கூப்பிடு, ஒரு தடவை பேசிக் காட்டு. பதினொன்று வரை முழித்திருப்பேன்.

மணி: எனக்கும் கூப்பிடு. பும்ராவின் பணிச்சுமை பற்றி யாரும் பேசவே இல்லை. இங்கிலாந்தில் ஐந்தில் மூன்று டெஸ்ட்தான் ஆடினார். மூன்றாவது வேகப்பந்து வீச்சாளர் யார் என்பதே

சேகர்: குட் நைட்.

முரளி: ராஜி, ஸ்டேஷனில் இறங்கி இருபது நிமிடம் ஆகிறது. வண்டியை எடுத்துக்கொண்டு யாராவது வருகிறீர்களா இல்லையா?