14 வயது மகனும் போனும்: வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். நள்ளிரவு ஒரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தால், மகனின் போர்வைக்குள்ளிருந்து வெளிச்சம் கசிகிறது. போனை வாங்கி வைத்தால் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

தொடக்கம் எங்களிடம்தான். ஒன்றரை வயதில் நாலு வாய் சோறு இறங்கட்டும் என்று யூடியூப் போட்டுக் கொடுத்தது நான். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னபோது அவன் பள்ளிக்கே போய்விட்டான். 2020இல் ஆன்லைன் வகுப்புக்காகத் தனிப் போன் வாங்கினோம்; அதை அப்புறம் திரும்ப வாங்கவில்லை. நாங்களும் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொள்கிறவர்கள். “நீங்க மட்டும் பாக்கலாமா?” என்று போன வாரம் கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை.

அதன் பிறகு, இரவில் மூவரின் போனும் கூடத்து அலமாரியில் என்று முடிவு செய்தோம். மூன்று நாள்தான் தாங்கியது.

அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸில் (14416) தமிழிலேயே பேசலாமாம். பிள்ளைக்காக யாராவது அழைத்ததுண்டா? பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இந்தப் போன் பழக்கத்துக்கென்றே உள்ள ‘ஷட்’ கிளினிக்குக்குப் போனவர்கள் இருக்கிறீர்களா? வர மறுக்கும் பிள்ளையை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்? தயவுசெய்து சொல்லுங்கள்.